பதினொரு செக்கன்

காப்புறுதிப் படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டம்
இரண்டு அங்குல நீளம்.
எனக்கு முன் பார்த்தவர் பென்சிலால் எழுதியிருந்தார்:
ஓட்டுநர் பிழை.
அழிக்கவில்லை. அதன்மேல்
தேத்தண்ணிக் கோப்பையை வைத்தேன்.

துறைமுக நகரப் படகுத்துறை.
வெசாக்குக்கு முந்திய வெள்ளி, பின்னேரம்.
மழையாக இன்னும் மனம் வராத தென்மேல் காற்று.
நாற்பத்தெட்டு அடி வெள்ளைப் படகு,
மேல்தளத்தில் பிறந்தநாள் கேக்.
யாருடையது என்று நான் கேட்கவில்லை,
படிவமும் கேட்கவில்லை.

கப்டன் உப்புல் கைபிடியைப் பின்னுக்கு இழுத்தான்.
முன்பென்றால் அது இழுப்பு:
உள்ளே ஒரு கம்பி, கம்பியின் முனையில் எஞ்சின்.
இப்போது அது விண்ணப்பம்.
கைபிடி பெட்டிக்கு எழுதும்,
பெட்டி கியருக்குப் பரிந்துரைக்கும்,
கிடைத்தது என்று கியர் திருப்பி எழுதும்.
எல்லாம் ஓர் இமைப்புக்குள்.
பிரதேச செயலகத்தில் இந்த வேகம் இருந்தால்
காலி வீதியில் நின்று ஆடுவேன்.

அதே இமைப்பில், காற்று தள்ளுகிறதே என்று,
முகப்பைத் திருப்பும் மோட்டரையும் அமுக்கினான்.
அது பெருந்தீனிக்காரி.
பெற்றறி பன்னிரண்டு வோல்ட்டிலிருந்து ஒன்பதுக்கு விழுந்தது.
ஒன்பதில் பெட்டிக்கு மூச்சில்லை.
அணைந்தது.
தானே விழித்தது.
விழித்ததும் தன்னைத்தானே சரிபார்க்கத் தொடங்கியது,
விடுமுறை நாளில் முகம் வழிக்கிறவனைப் போல.
பதினொரு செக்கன்.

அதுவரை கியர்
கடைசியாகக் கேட்ட சொல்லிலேயே நின்றது.
கடைசிச் சொல்:
முன்னே.

உப்புல் இழுத்தான். இன்னும் இழுத்தான்.
கைபிடி சொன்னபடி வந்தது, அதுதான் கொடுமை.
தடையில்லை, நடுக்கமில்லை, உள்ளங்கைக்கு ஒரு செய்தியில்லை.
கம்பி அறுந்தால் கைக்குத் தெரியும்.
(கம்பிகளும் அறுந்தன.
அவற்றுக்கும் நான்தான் அறிக்கை எழுதினேன்.
பழசுக்கு அழுகிறவள் இல்லை நான்.)

முன்தளத்தில் முகத்துவாரத்து இதயராஜ்,
றப்பர் மிதவையைப் பிடித்தபடி,
படகுக்கும் கொங்கிறீற்றுக்கும் இடையில்
வலக்கையை நீட்டியிருந்தான்.

கேக் வழுக்கியது.
பாட்டு கொஞ்ச நேரம் போய்க்கொண்டே இருந்தது.

பாணந்துறை மர்ஜான் பிளக்கைக் கழற்றிக் காட்டினார்.
நாற்பது பின்களில் ஒரு பின்,
குண்டூசித் தலையளவு,
பாசிப் பச்சை.
“தண்ணி உள்ளுக்கு வரல்ல மிஸ்.
கடல்ட மூச்சு மட்டும்தான் வந்திருக்கு.”
ஒன்பது வோல்ட்கூட
முழுசாகப் போய்ச் சேரவில்லை.
பின்னைப் பொலித்தீன் பையிலிட்டேன்.
பை காலியாகத்தான் தெரிந்தது.

‘காரணம்’ கட்டத்துக்குள் இவை அடங்கவில்லை:
பலவீனமான பெற்றறி. அதே பெற்றறியில் தொங்கும் பெட்டி.
மறுபடி விழிக்கும்வரை எந்தக் கியரில் நிற்பது என்று
எங்கோ ஒரு மேசையில் தீர்மானித்தவர்,
எங்கள் காற்றை ஒருநாளும் முகத்தில் வாங்காதவர்.
ஓரமாக வளைத்து வளைத்து எழுதினேன்.

பெரியாஸ்பத்திரியில் இதயராஜ்
அந்தப் பெட்டியைப் பார்க்கவேண்டும் என்றான்.
போனில் காட்டினேன். இடக்கையால் வாங்கினான்.
பெரிதாக்க இரண்டு விரல் வேண்டும்,
அவை இருந்தன.
“இவ்வளவுதானா?”

பிறகு கேட்டான்:
“எஞ்சினை ஒரேயடியா நிப்பாட்ட ஒண்டும் இல்லையா மிஸ்?”

இருந்தது.
பெட்டியைக் கேட்காமல் எஞ்சினைக் கொல்லும்
சிவப்புப் பொத்தான், கப்டனின் முழங்காலருகே.
அந்தச் சிவப்பு உள்ளலங்காரத்துக்கு ஒத்துவரவில்லையாம்.
மேலே பால்நிற மெத்தை தைத்துப் போட்டிருந்தார்கள்.
புதிதாக வந்த உப்புலுக்கு யாரும் சொல்லவில்லை.

இதயராஜ் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான்.
“அந்த மெத்தையா?
நான்தானே மிஸ்,
தினம் காலையில அதைத் துடைக்கிறது.”